கண்காட்சியில் கட்டிய பட்டம்

1

இந்த வருடமும் திருமணக் கண்காட்சிக்காரர்களின் மின்னஞ்சல் வந்துவிட்டது. ‘அன்புள்ள செல்வி, சென்ற முறை உங்கள் கடை எல்லோரையும் கவர்ந்தது, இந்த முறையும் சீக்கிரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். சென்ற முறை அந்தக் கடையால் எங்கள் குடும்பத்தில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு எங்கே தெரியும். படித்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளே துணியே போடவில்லை. இந்த நிலையில் சமைத்தால் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

நான் மெல்பர்னில் இருக்கிறேன். பிறந்தது அரியலூர் மாவட்டம் செந்துறை, வாழ்க்கைப்பட்டது பெரம்பலூர்ப் பக்கம். மகள் மதுவுக்கு மூன்று வயதாகும்போது இங்கே வந்தோம். அவளுக்கு இப்போது கல்யாணமும் ஆகிவிட்டது. வார நாட்களில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாணத்துக்குச் சீர்த் தட்டு அலங்கரித்துக் கொடுக்கிறேன். கடை என்று சொல்வதெல்லாம் பெருமைக்கு. காரை வெளியே நிறுத்திவிட்டு, கார்க் கொட்டகையில்தான் எல்லாம். பெயர் ‘செந்துறைச் சீர்’. ஊர்ப் பெயரை வைத்தால் ஊரில் இருப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து வைத்தேன். அங்கே முந்திரிக் காடு வைத்திருக்கும் என் அண்ணன் அப்போது உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பலகையின் படத்தை அனுப்பச் சொல்லி, முந்திரி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாராம்.

2

இந்த ஊரில் ஒரு திருமணக் கண்காட்சியில் கடை போடுவது கல்யாணத்தையே நடத்துவதைவிடப் பெரிய பாடு. விண்ணப்பத்தில் முதல் கேள்வியே, நீங்கள் என்ன வகை வியாபாரம் என்பது. கேக், பூ, புகைப்படம், கார் வாடகை என்று வரிசையாக இருக்கும். சீர்வரிசை என்று ஒரு வகை இல்லை. தொலைபேசியில் பேசிய பெண்ணுக்கு விளக்கிப் பார்த்தேன். மணமகளின் தாய்மாமன் தட்டுத் தட்டாக எடுத்துக்கொண்டு மேளத்தோடு வருவார் என்றேன். ஏன் தனித்தனித் தட்டு, ஒரே பெட்டியில் கொண்டுவந்தால் ஆகாதா என்று அவள் அக்கறையாகக் கேட்டாள். கடைசியில் என்னைப் பரிசுப்பொருளுக்கு உறை சுற்றுபவர்கள் என்ற தலைப்பில் சேர்த்தாள்.

அதன் பிறகு காப்பீட்டுச் சான்று. குத்துவிளக்கில் திரி ஏற்றக் கூடாது, பேட்டரி பல்புதான் வைக்கலாம். நான் கொண்டுபோகும் மின்கம்பி ஒவ்வொன்றையும் ஒருவர் சோதித்து ஒரு பட்டை ஒட்ட வேண்டும். ஊரிலிருந்து பாக்கு, விதை, மரச்சாமான் எதைக் கொண்டுவந்தாலும் விமான நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை அண்ணி ஆசையாகக் கட்டிக் கொடுத்த மாவிலைத் தோரணத்தைக் கையுறை போட்ட ஒரு பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து துணி மாவிலைதான்.

இவ்வளவும் முடித்துக் கடை விரித்தால், ஒருபுறம் சாக்லேட் ஊற்று, மறுபுறம் படம் பிடிக்கும் கூண்டு. கூட்டம் அங்கேதான். என் தட்டுகளைத் தாண்டிப் போகிறவர்கள் பழக்கடை என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நம் ஆட்களோ நின்று, நிதானமாக, ஒவ்வொரு தட்டையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுப்பார்கள். அப்புறம் இலவசப் பையை வாங்கிக்கொண்டு, ‘நாங்களே வீட்ல பண்ணிக்கலாம் போலிருக்கே’ என்று என் எதிரிலேயே பேசிக்கொண்டு நகர்வார்கள். முதல் இரண்டு கண்காட்சிகளில் எனக்குக் கிடைத்தது கால்வலிதான்.

3

சென்ற முறை ஒரு வாய்ப்பு வந்தது. கடை போட்டவர்களுக்கெல்லாம் சின்ன மேடையில் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அவரவர் பொருளை அங்கே காட்டிக்கொள்ளலாம். தட்டை வரிசையாக வைத்தால் யாருக்கும் புரிவதில்லை. எதற்காகத் தட்டு வருகிறது என்று செய்து காட்டினால் புரியும் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான்.

மதுவுக்கும் அருணுக்கும் அப்போது நிச்சயம் ஆகியிருந்தது. கல்யாணம் தை மாதம் அரியலூரில் என்று மண்டபமும் பார்த்தாகிவிட்டது. அருண் இங்கேயே பிறந்த பையன், பெற்றோர் கரூர்ப் பக்கம். மணமக்களாக நிற்க ஆள் வேண்டும் என்றபோது இவர்களையே கேட்டேன். மது முகத்தைச் சுளித்தாள். ‘அம்மா, இது வியர்டா இல்ல?’ என்றாள். பட்டுப்புடவை எப்படி நிற்கிறது என்று ஒரு முறை கட்டிப் பார்த்தது போலவும் இருக்கும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

நானும் விவரம் தெரியாதவள் இல்லை. விளையாட்டுக்கும் தாலியைத் தொடக் கூடாது என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரும் அதையே சொன்னார். சீர்த் தட்டு மேளத்தோடு வரும், மாலை போட்டுக்கொள்வார்கள், தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவார், அதோடு கைதட்டி முடித்துவிடலாம். பட்டம் என்பது சின்னத் தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். அதில் என்ன வந்துவிடப் போகிறது?

தாய்மாமனாக நிற்க ஆள் தேடவே இல்லை. தட்டுகளையும் மேசைகளையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவர் குணா அண்ணன்தான். எங்கள் தெருவில் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். மது முதல் நாள் பள்ளிக்கூடம் போனதே அவர் காரில்தான். ‘அண்ணே, பட்டு வேட்டி இருந்தா கட்டிட்டு வாங்க’ என்றேன். வந்தார். மதுவின் நெற்றியில் கொஞ்சம் தடுமாறி, கவனமாகக் கட்டினார். கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு மட்டும் மூன்று கல்யாணத்துக்குத் தட்டு சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

4

ஜெயங்கொண்டத்துப் பெண் ஒருத்தி, இங்கே நர்ஸ், குணா அண்ணன் பட்டம் கட்டுவதை மேடைக்கு முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறாள். நல்ல எண்ணத்தில்தான். ‘நம்ம ஊர்க் கல்யாணம் மெல்பர்னில்’ என்று எழுதி வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். அதை அவள் மாமியார் உடையார்பாளையத்தில் பார்த்து, அங்கிருந்து யார் யாருக்கோ போய், செந்துறைக்கு வந்து சேர்ந்தபோது கதை முழுசாகிவிட்டது. செல்வி மகளுக்கு அங்கேயே கல்யாணத்தை முடித்துவிட்டாள், தையில் அரியலூரில் நடக்கப்போவது சும்மா ஊருக்காக.

அண்ணன் எனக்குத் தினமும் காலையில் ஒரு பூப்படம் போட்டு ‘இனிய காலை வணக்கம்’ அனுப்புவார். பல வருடப் பழக்கம். நான் அதைத் திறந்து பார்ப்பதுகூடக் கிடையாது. அது நின்றபோதுதான் தெரிந்தது. என்னண்ணே உடம்பு சரியில்லையா என்று எழுதினேன். படித்துவிட்டார் என்பதற்கு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. வேலைக்கு நடுவே சமையலறை மூலையில் நின்று போனைப் பார்ப்பேன், மறுபடி பார்ப்பேன். சூப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

பல தடவை கூப்பிட்ட பிறகு, ஒரு வழியாகப் போனை எடுத்தார். கடைக்காகச் செய்தது, தாலி கட்டவில்லை, எல்லாம் நடிப்பு என்று மூச்சு விடாமல் சொன்னேன். அதெல்லாம் அவருக்கு முன்பே புரிந்திருந்தது. அண்ணன் ஊர்ப் பேச்சைக் கேட்டு நம்புகிற ஆள் இல்லை.

“மாப்பிள்ள வேஷம் யாரு வேணாலும் போடட்டும் செல்வி. மாமன் வேஷத்துக்கு எதுக்கு ஆளு வச்ச? நான் இருக்கேன்ல?”

சும்மா விளம்பரத்துக்குத்தாண்ணே என்று மறுபடி அதையே சொன்னேன்.

“பொண்ணு நெசம், மாப்பிள்ள நெசம், நெத்தி நெசம். மொதப் பட்டம் கட்டியாச்சு. இனிமே எனக்கு அங்க என்னா வேல? கல்யாணத்துக்கு வரேன். பந்தியில உக்காந்து சாப்புட்டுட்டுப் போறேன்.”

இதை அவர் கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்.

கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சீர் கொண்டுவராமல், பட்டம் கட்டாமல், பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனால் என் மகள் கல்யாணத்தில் என் பக்கம் என்று எதுவும் இல்லை. பெரியப்பா மகனை நிறுத்திக்கொள்ளலாமே என்று பெரம்பலூரிலிருந்து நாத்தனார் யோசனை சொன்னார். ஒரு முறை ஆள் மாற்றிப் பட்டது போதாதா?

குணா அண்ணனிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். மது சொல்லிவிட்டாள். அவர் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். ஒரு மாலை வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

“நான் வந்து நிண்டா அவருக்கு மனம் நோகும் பிள்ளை. நீங்கள் சந்தோசமாப் போயிட்டு வாங்கோ” என்றார். போனவர் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்.

5

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பாகவே நானும் மதுவும் கிளம்பினோம். பெரம்பலூரில் மாமியார் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, பஸ் பிடித்து அரியலூர், அங்கிருந்து செந்துறை. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். மது துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணனிடம் என்ன பேசுவது என்று நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பேச்சு தயாராகி, பஸ் கிளம்பியதும் கலைந்துபோனது.

“வாங்க, உக்காருங்க” என்றார் அண்ணன். என்னைத்தான். பிறந்ததிலிருந்து வா, போ என்று கூப்பிட்டவர். மதுவைப் பார்த்து மட்டும் சிரித்தார். அண்ணி காப்பி கொண்டுவந்தார். முந்திரி இந்த வருடம் பூ எடுத்தது பற்றி, லாரிப் புழுதி இலையில் படிவது பற்றி, யாரோ ஒரு அதிகாரியிடம் பேசுவது போலப் பேசினார். நான் ஓட்டிப் பார்த்த பேச்சு ஒன்றும் உதவவில்லை.

மதுதான் ஆரம்பித்தாள். அவள் தமிழ் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வேகமாகப் பேசினால் ஒருமை பன்மை எல்லாம் உருளும்.

“மாமா, நீ கட்டலைன்னா நான் நெத்தியை எம்ப்டியா வச்சுப்பேன். வேற யாரும் கட்டக் கூடாது.”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “போட்டோல கட்டினாருல்ல, அவரு ஒனக்கு யாரு?” என்று கேட்டார்.

“குணா மாமா. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனப்போ நான் அவங்க வீட்லதான் இருந்தேன். அவர்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவார். ஹாஸ்பிட்டலுக்குச் சோறும் கொண்டு போவார்.”

“ஆபரேஷனா?” அண்ணன் என் பக்கம் திரும்பினார். “எப்ப?”

அதை நாங்கள் ஊரில் சொல்லவே இல்லை. அந்தச் சமயத்தில் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லாமல் இருந்தது. அம்மா அப்போது இருந்தார், சொன்னால் பயந்துவிடுவார். ஊரிலிருந்து யாரும் வந்து பார்க்கவும் முடியாது. எதற்கு வீணாக என்று விட்டுவிட்டோம். வெளியூரில் இருக்கிற எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். எதைக் கேட்டாலும் நல்லா இருக்கோம்.

“இத்தன வருஷமா போன்ல பேசுறோம். சாப்ட்டியா, மழ பேஞ்சுதா, இதத் தவுர எங்கிட்ட என்னா சொல்லியிருக்க நீ? ஆத்தர அவசரத்துக்கு ஒனக்கு அங்க ஒரு அண்ணன் இருந்திருக்காரு. அவரு பேருகூட எனக்குத் தெரியாது. போட்டோவப் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்.”

நீங்க போய் நீ வந்துவிட்டது. அதற்குக்கூட என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. பட்டம் கட்டுகிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

6

கல்யாணத்தன்று காலை அரியலூர் மண்டபத்தில் எத்தனை முறை வாசலுக்கும் மணமேடைக்கும் நடந்திருப்பேன் என்று தெரியாது. ‘சம்பந்தியம்மா, கொஞ்சம் உக்காருங்களேன், பாக்குற எங்களுக்கே கால் வலிக்குது’ என்றார் அருணின் அம்மா. மெல்பர்னில் நான் சொல்லிச் சொல்லி விற்கிற சீர் என் மகளுக்கு வருமா வராதா என்று தெரியாமல் நான் நடந்துகொண்டிருந்தேன். இதை யாரிடம் சொல்லி அழுவது?

தெருமுனையில் மேளம் கேட்டது. வேறு யார் வீட்டு மேளமோ என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பினால் அண்ணன். பின்னால் அண்ணி, அவர்கள் தெருப் பெண்கள், கையில் எவர்சில்வர் தட்டுகள். என் தட்டுகளைப் போல வலைத்துணி இல்லை, ரிப்பன் இல்லை, அன்னப்பறவையாக மடித்த துண்டு இல்லை. தேங்காய், பழம், மஞ்சள், புடவை, ஒரு தட்டு நிறையக் குவித்த முந்திரிப்பருப்பு. நான் ஓடிப் போய்ப் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டேன்.

மதுவைக் கைப்பிடித்து மணமேடைக்குக் கூட்டி வந்தார். பட்டம் கட்டினார். எல்லாம் முடிந்து பந்திக்குப் போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவரு வரலையா?”

“இல்லண்ணே. நீ சங்கடப்படுவேன்னு டிக்கெட்ட வேணாம்னுட்டாரு.”

“நான் வர வேணாம்னு சொன்னனா?” என்றார். ஒரு அண்ணனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு அண்ணனை விட்டுவிட்டேனே என்று சாப்பாடு இறங்கவில்லை.

7

மேலே உள்ளதை எழுதி நிறுத்தி மாதங்கள் ஆகிவிட்டன. கண்காட்சியில் இடம் எடுப்பதா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே இருந்து, கடைசி நாளில் எடுத்தேன். சும்மா இருக்க என்னால் ஆகாது. நேற்றுதான் முடிந்தது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். முழங்கால் வலி, மேலதிகாரியோடு சண்டை, மதுவும் அருணும் பெர்த்துக்குக் குடிபோனது, அவள் வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கூப்பிடுவது. கேட்டுக் கேட்டு அண்ணனே அலுத்துப்போய், ‘செரி செரி, கரண்டு போயிடுச்சு, அப்பறம் பேசுறேன்’ என்று வைத்துவிடுவதும் உண்டு. குணா அண்ணன் மாறிவிட்டதையும் சொல்லியிருந்தேன். கூப்பிட்டால் வருகிறார், உதவி செய்கிறார், உட்கார மாட்டேன் என்கிறார். மேசை தூக்குகிறார், தேநீர் வேண்டாம் என்கிறார். மேடை நேரம் வந்தால் காரில் போய் உட்கார்ந்துகொள்வேன் என்று முன்பே சொல்லிவிட்டார் என்பதையும் சொன்னேன்.

இந்த முறை மணமகளாக நிற்கக் கூலிக்கு ஒரு பெண். மணமகனும் அப்படியே. தாய்மாமன் இல்லாமல், தட்டை மட்டும் கொண்டுவந்து வைத்து முடித்துக்கொள்வதாக இருந்தேன். மதியம் தட்டுகளை அடுக்கும்போது அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். அங்கே காலை நேரம், பின்னால் முந்திரிக் காடு தெரிந்தது. கடையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“அவரு இருக்காரா? போன அவருகிட்ட குடு.”

குணா அண்ணன் அதற்குள் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். கேக் கடை, பூக்கடை எல்லாம் தாண்டிப் பட்டுப்புடவையோடு ஓடினேன். போனை நீட்டியதும் அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். திரையில் அண்ணனைப் பார்த்து, கும்பிடக் கை ஒழியாமல் தலையை ஆட்டினார்.

“நல்லாருக்கீங்களா தம்பி. நீங்க வருவீங்கன்னு மண்டபத்துல பாத்துட்டே இருந்தேன்.”

“வந்திருக்க வேணும் அண்ணை” என்றார் குணா அண்ணன்.

“செரி, மேடைக்குப் போங்க. நீங்கதான் கட்டணும். நான் இங்கேருந்து பாத்துக்கிறேன்.”

பேட்டரிக் குத்துவிளக்கில் போனைச் சாய்த்து வைத்தேன். கூலிக்கு வந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வாயில் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி நெற்றியைக் காட்டினாள். குணா அண்ணன் பட்டத்தை எடுத்து அவசரமாக வைக்கப் போனார். செந்துறையிலிருந்து அண்ணனின் குரல் மேடை முழுக்கக் கேட்டது.

“அவசரப்படாதீங்க தம்பி. புருவத்துக்கு நடுவுல வச்சு, கொஞ்சம் மேல. ஆங், அப்படித்தான். பின்னால முடிச்ச நல்லா இறுக்கிப் போடுங்க.”

“ஓம் அண்ணை” என்றார் குணா அண்ணன். “இறுக்கித்தான் போடுறன்.”

இது என்ன சடங்கு, யார் யாருக்குச் செய்வது என்று கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்வது என் வேலை. மைக் என் கையில்தான் இருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.